அகராதியாய் இருந்த அப்பா

உங்க கையில் ஒரு டேட்டாஷீட் இருக்கு. முழுக்க கொரிய மொழியில். சரி, அகராதி இருக்கேன்னு எடுத்துப் பார்த்தா, கொரியச் சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் அர்த்தம் போட்டிருக்கு. உங்களுக்கு இரண்டு மொழியுமே தெரியாது. என்ன பண்ணுவீங்க? மூடி வச்சுட்டு கேன்டீனுக்குப் போயிடுவீங்க, இல்லையா?

இருநூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் ஒரு சின்னப் பையனுக்குக் கிட்டத்தட்ட இதே நிலைமை. அவன் படிக்க வேண்டியது பழைய கிரேக்கம். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த கிரேக்க அகராதிகளில் அர்த்தமெல்லாம் லத்தீனில்தான் இருந்தது. லத்தீனை அவனுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதனால் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும், அதே மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த அப்பாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான். அப்பா பொறுமைக்குப் பேர் போனவர் இல்லை. அந்த நேரத்தில் அவர் தன் வாழ்நாளிலேயே பெரிய புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். ஆனாலும் பேனாவை நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார்.

பையன் பேர் ஜான் ஸ்டூவர்ட் மில். பொருளாதாரத்திலோ தத்துவத்திலோ எங்கேயாவது இந்தப் பேரைக் கேட்டிருப்பீங்க. தனிமனித சுதந்திரம் பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்னிக்கும் உலகம் முழுக்கப் பாடமாக இருக்கு. ஆனா இந்தக் கட்டுரை அவருடைய தத்துவத்தைப் பற்றியது இல்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல், வீட்டு மேசையில், கிரேக்க ரோமானிய மூல நூல்களை வைத்தே பழைய உலக வரலாற்றைக் கற்ற ஒருவருக்கு அந்தப் படிப்பு என்ன கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்பதுதான் விஷயம்.

முதல் புரோட்டோடைப்

மில் பிறந்தது 1806 மே 20, லண்டனின் பென்டன்வில் பகுதியில். அப்பா ஜேம்ஸ் மில், ஸ்காட்லாந்தில் செருப்புத் தைக்கும் ஒருவரின் மகன். ஊரில் ஒரு பிரபு உதவி செய்ததால் எடின்பரோ பல்கலைக்கழகம் வரை போனவர். அந்த பிரபுவின் பேர் சர் ஜான் ஸ்டூவர்ட். அந்த நன்றிதான் மகனின் பேர். பிறகு லண்டன் வந்து, பத்திரிகைகளுக்கு எழுதியே குடும்பம் நடத்தினார் ஜேம்ஸ் மில். ஒன்பது குழந்தைகள். நிரந்தர வருமானம் கிடையாது.

அவருக்கு ஒரு உறுதியான நம்பிக்கை இருந்தது. பிறக்கும்போது மனசு வெறும் தாள். அதில் எதை எழுதுகிறோமோ அதுதான் மனிதன். நண்பர் ஜெரமி பெந்தமும் இதே கட்சி. சரியான முறையில் சொல்லிக் கொடுத்தால் சாதாரணக் குழந்தையும் எதையும் கற்கும் என்று இவர்கள் நினைத்தார்கள். நினைத்ததை டெஸ்ட் பண்ண வேண்டாமா? மூத்த மகன்தான் முதல் புரோட்டோடைப்.

மூணு வயசில் கிரேக்கம் தொடங்கியது. ஒரு அட்டையில் கிரேக்கச் சொல், கூடவே ஆங்கிலத்தில் அர்த்தம். அப்பாவே கையால் எழுதிக் கொடுத்த ஃபிளாஷ் கார்டுகள். இலக்கணத்தை அதிகம் போட்டுக் குழப்பவில்லை. சொற்கள் கொஞ்சம் பிடிபட்டதும் நேராகப் புத்தகம். முதலில் ஈசாப் கதைகள். அடுத்து செனபோன்.

செனபோன் யார்னு தெரிஞ்சா இது ஏன் சுவாரசியம்னு புரியும். கி.மு. 401இல் பாரசீக அரியணைக்காக நடந்த அண்ணன் தம்பிச் சண்டையில், தம்பி பக்கம் கூலிக்குப் போனது சுமார் பத்தாயிரம் பேர் கொண்ட கிரேக்கப் படை. கூட்டிக்கொண்டு போன தம்பியே போரில் செத்துப்போனார். எதிரி நாட்டின் நடுவில் மாட்டிக்கொண்ட படை, மலையும் பனியும் தாண்டிக் கருங்கடல் வரை நடந்தே தப்பித்தது. அந்தப் படையை வழிநடத்தியவர்களில் ஒருவர்தான் செனபோன். அவரே உட்கார்ந்து எழுதியதுதான் அந்தப் புத்தகம். அதாவது, பின்னால் வந்த யாரோ ஒரு பேராசிரியர் சுருக்கிக் கொடுத்த பாடத்தை அந்தப் பையன் படிக்கவில்லை. அந்தப் பனியில் நடந்த ஆளின் எழுத்தையே படித்தான்.

எட்டு வயதுக்குள் ஹெரோடோட்டஸ் முழுவதும் முடிந்திருந்தது. ஏழு வயதில் பிளேட்டோவின் உரையாடல்கள் ஆறு. அதில் ஒன்று தனக்கு அந்த வயதில் சுத்தமாகப் புரிந்திருக்க வழியே இல்லை, அதை விட்டிருக்கலாம் என்று பெரியவரான பிறகு மில்லே எழுதியிருக்கிறார். அறிவுக்கு எட்டாததையும் கேட்பது அப்பாவின் வழக்கம்.

எட்டு வயதில் லத்தீன். அதில் ஒரு ட்விஸ்ட். தான் கற்றதை உடனுக்குடன் தங்கைக்கும், பிறகு மற்ற தம்பி தங்கைகளுக்கும் அவனே சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர்கள் பாடம் ஒப்பிக்காவிட்டால் பொறுப்பு இவன் தலையில். இந்த வேலை அவனுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் ரூமில் நாலு பேருக்குப் பாடம் எடுத்தவர்களுக்குத் தெரியும்: சொல்லிக் கொடுத்தது மறக்காது.

காலை நடையும் துண்டுச் சீட்டும்

தினமும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவும் மகனும் நடக்கப் போவார்கள். அப்போது குடும்பம் நியூயிங்டன் கிரீனில் இருந்தது. சுற்றிலும் பசுமையான சந்துகள். முந்தின நாள் படித்ததைப் பற்றிப் பையன் துண்டுச் சீட்டுகளில் குறிப்பு எடுத்து வைத்திருப்பான். நடந்துகொண்டே அதைப் பார்த்து அப்பாவுக்குக் கதையைச் சொல்ல வேண்டும். அப்பா நடுநடுவே நிறுத்தி, அரசு என்றால் என்ன, ஒழுக்கம் என்றால் என்ன என்று விளக்குவார். அடுத்த நாள் அதையும் பையன் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் அவன் படித்த பட்டியலைப் பார்த்தா நம்ம சிலபஸ் வெட்கப்படும். கிரேக்கத்தில் ஹோமர், சோபக்ளிஸ், துசிடிடிஸ், டெமொஸ்தனிஸ், பாலிபியஸ். லத்தீனில் வர்ஜில், சல்லஸ்ட், சிசரோவின் உரைகள், லிவி. லிவியின் ரோமானிய வரலாற்றில் ஒரு பகுதியை யாரும் கட்டாயப்படுத்தாமல், பொழுதுபோக்காகவே படித்தான்.

இதில் முக்கியமான இடம் ஒன்று இருக்கு. அவன் விரும்பிப் படித்த ஆங்கில நூல்களில் மிட்ஃபோர்டு எழுதிய கிரேக்க வரலாறும் ஒன்று. மிட்ஃபோர்டு மன்னராட்சியின் ஆள். மக்களாட்சி என்றாலே அவருக்கு ஆகாது. ஏதென்ஸ் மக்களைக் கும்பலாகவும், சர்வாதிகாரிகளை நல்லவர்களாகவும் காட்டுவார். மகனிடமிருந்து அந்தப் புத்தகத்தை அப்பா பிடுங்கவில்லை. படி, ஆனால் இந்த ஆள் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துப் படி என்றார். பையனுக்கு அது பிடித்துப்போனது. மிட்ஃபோர்டு ஒரு பக்கம் பேசினால் இவன் மனசு எதிர்ப்பக்கம் நிற்கும். எதிர்த்து வாதம் பண்ணவும் ஓரளவு முடிந்தது. எப்படி? மிட்ஃபோர்டு எந்த நூல்களை வைத்து எழுதினாரோ, அந்த நூல்கள் இவன் மேசையிலும் இருந்தன.

மூல நூல் படிப்பதன் பலன் எனக்கு இந்த ஓர் இடத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. சுருக்கத்தை மட்டும் படித்தால் சுருக்கியவரை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. மூலம் கையில் இருந்தால் அவரோடு சண்டை போடலாம்.

பதினொரு வயதில் பையன் ஒரு படி மேலே போனான். ரோமானிய அரசாட்சியின் வரலாற்றைத் தானே எழுத ஆரம்பித்தான். லிவியும் டயோனிசியஸும் ஆதாரம். ரோமின் மேட்டுக்குடிகளுக்கும் பொதுமக்களுக்கும் நடந்த நூற்றாண்டுக்கணக்கான போராட்டம்தான் பொருள். கி.மு. 367இல் வந்த லிசினியச் சட்டங்கள் வரை எழுதினான். ஒரு முழுப் புத்தக அளவுக்கு வந்தது. நிலத்தைப் பங்கிடும் சட்டங்களைப் பல வரலாற்றாசிரியர்கள் திட்டி எழுதியிருந்தபோது, அந்தச் சட்டங்கள் நியாயமானவை என்று லிவி தரும் தகவல்களை வைத்தே வாதாடினான். பின்னாளில் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் குழந்தைத்தனம் என்று அவரே அழித்துவிட்டார். பிரதி போனது, பழக்கம் போகவில்லை.

அதே மேசை, இன்னொரு புத்தகம்

இப்ப ஒரு கேள்வி. மகன் இப்படிக் கிரேக்கம் படித்துக்கொண்டிருந்த மேசையில் அப்பா என்ன எழுதிக்கொண்டிருந்தார்?

பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு. நம்ம வரலாறு.

மகன் பிறந்த 1806இல் ஆரம்பித்து 1817இல் வெளியிட்டார். ஜேம்ஸ் மில் ஒருநாள்கூட இந்தியாவுக்கு வந்ததில்லை. இந்திய மொழி ஒன்றுகூடத் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை. முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டு, நேரில் போவதாலோ மொழி தெரிவதாலோ பெரிய லாபம் இல்லை, ஐரோப்பாவில் உட்கார்ந்து ஆவணங்களை நடுநிலையோடு சலிப்பவனே நன்றாக எழுதுவான் என்று வாதாடினார். அந்த நூலில் இந்திய நாகரிகம் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் மட்டம். வரலாற்றை இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் என்று மூன்றாகப் பிரித்த பழக்கமும் இந்தப் புத்தகத்தால்தான் வேரூன்றியது. அந்தப் பிரிவின் நிழல் வெகுகாலம் நம்ம பள்ளிப் புத்தகங்கள் வரை நீண்டது.

யோசிச்சுப் பாருங்க. ஏதென்ஸைப் பற்றி மிட்ஃபோர்டு சொல்வதை நம்பாதே, மூலத்தைப் போய்ப் பார் என்று மகனுக்குச் சொன்னவர், இந்தியாவைப் பற்றி மூலம் எதையும் அதன் மொழியில் பார்க்காமலேயே மூன்று பெரிய தொகுதிகள் எழுதினார். ஒரே மேசை. இரண்டு விதி.

விளைவு சின்னதாக இல்லை. இந்தியாவுக்கு அனுப்பும் அதிகாரிகளைக் கம்பெனி பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் அது பாடநூலாகவே இருந்தது. இந்த ஊரைக் கண்ணால் பார்க்கும் முன்பே இங்கே இருப்பவர்களைப் பற்றி ஒரு முடிவோடு வந்து இறங்கிய இளைஞர்கள் பலர். 1840களில் ஹொரேஸ் ஹேமன் வில்சன் அதே நூலைத் திரும்பப் பதிப்பித்தார். கல்கத்தாவில் பல ஆண்டுகள் இருந்து சமஸ்கிருதம் கற்று, ஆக்ஸ்போர்டில் அதற்குப் பேராசிரியரானவர் அவர். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பில் ஆசிரியரையே மறுத்தார். மொழி தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே பக்கத்தின் மேலேயும் கீழேயும் பார்க்கலாம்.

அந்த நூல் அச்சாகும்போது பதினோரு வயது மகன் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க, அப்பா அச்சுப்படியைத் திருத்தினார். மகன் மிட்ஃபோர்டிடம் கேட்ட கேள்வியை அப்பாவிடம் கேட்டதாகத் தெரியவில்லை. தன் சுயசரிதையிலும் அந்த நூலை உயர்வாகவே பேசினார்.

அந்த நூலின் புகழால் ஜேம்ஸ் மில்லுக்கு 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை கிடைத்தது. 1823இல், பதினேழு முடிந்ததும், மகனும் அதே அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

இருபது வயதில் நின்றுபோன இயந்திரம்

படிப்பு என்ன கொடுத்தது என்று பார்த்தோம். எடுத்துக்கொண்டதையும் பார்க்கணும்.

மில்லுக்கு விளையாட்டுத் தோழர்கள் கிடையாது. மற்ற பையன்களோடு பழகினால் கெட்டுவிடுவான் என்று அப்பா தடுத்துவிட்டார். கைவேலை எதுவும் வராது. வேதியியல் நூல்களை ஆசை ஆசையாகப் படித்தார். ஆனால் ஒரு சோதனையைக் கண்ணால் பார்க்கப் பல வருஷம் ஆனது. லேபே இல்லாத கெமிஸ்ட்ரி! வெளியான சுயசரிதையில் அம்மாவைப் பற்றிப் பேச்சே கிட்டத்தட்ட இல்லை. அப்பாவை மதித்தார், பயந்தார். பாசம் காட்ட இருவருக்குமே தெரியவில்லை.

பாராட்டும் கிடையாது. பதினாலு வயதில் பிரான்சுக்குப் புறப்படும் முன் ஹைட் பார்க்கில் நடந்தபோது அப்பா ஒன்று சொன்னார். உன் வயதுப் பையன்களுக்குத் தெரியாத பலதும் உனக்குத் தெரியும் என்று ஊரார் சொல்வார்கள். அது உன் திறமை என்று நினைக்காதே. சொல்லிக் கொடுக்க ஒரு அப்பா கிடைத்தது உன் அதிர்ஷ்டம். பையனுக்கு அதுவரை தான் மற்றவர்களைவிட முன்னால் இருக்கிறோம் என்பதே தெரியாது.

1826 இலையுதிர் காலம். வயது இருபது. நம்மில் பலர் இருக்கும் வயசு. ஒருநாள் தன்னையே கேட்டுக்கொண்டார்: நீ விரும்பும் சீர்திருத்தமெல்லாம் இந்த நிமிஷமே நடந்துவிட்டால் உனக்குச் சந்தோஷமா? உள்ளிருந்து வந்த பதில், இல்லை. அதற்கப்புறம் எதற்காக வாழ்வது என்றே தெரியவில்லை. மாதக்கணக்கில் அந்த இருட்டு நீடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. வழக்கமாக உதவி கேட்க வேண்டிய ஆள் அப்பா. ஆனால் இந்தச் சொல்லுக்கு அந்த அகராதியில் அர்த்தம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மீட்டது எது தெரியுமா? மார்மோன்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்க்கை நினைவுகள். சிறுவனாக இருக்கும்போது அப்பா இறந்துபோகிறார். இனி குடும்பத்துக்கு எல்லாமாக நான் இருப்பேன் என்று அந்தப் பையன் உணர்கிறான். அந்த இடத்தைப் படித்தபோது மில்லுக்குக் கண்ணீர் வந்தது. அழ முடிகிறது, நான் கல் இல்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதி. பிறகு வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் துணைக்கு வந்தன. அறிவைப் போலவே உணர்ச்சியையும் வளர்க்க வேண்டும் என்ற பாடம் அவருடைய சிலபஸிலேயே இல்லை. தானாகத்தான் கற்றார்.

நீங்களோ உங்க ரூம்மேட்டோ இப்படி ஒரு இருட்டில் இருந்தா, அவரைப் போல மாதக்கணக்கில் வாய் மூடிட்டு இருக்காதீங்க. ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க.

படித்தது எங்கே போய் முளைத்தது

மிட்ஃபோர்டு கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. ஜேம்ஸ் மில்லின் வட்டத்தில் ஜார்ஜ் குரோட் என்று ஒரு பேங்க்காரர் இருந்தார். அவரும் கிரேக்க மூலங்களில் மூழ்கியவர். 1846 முதல் 1856 வரை பன்னிரண்டு தொகுதிகளில் புதிய கிரேக்க வரலாறு எழுதினார். ஏதென்ஸின் மக்களாட்சிக்கு மரியாதையைத் திருப்பிக் கொடுத்த நூல் அது. அதை ஊருக்கு அறிமுகப்படுத்தி விமர்சனம் எழுதியவர்களில் முக்கியமானவர் மில். கி.மு. 490இல் நடந்த மாரத்தான் போர், இங்கிலாந்தின் வரலாற்றுக்கே இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைவிட முக்கியம் என்று அடித்துச் சொன்னார். சின்ன வயதில் துண்டுச் சீட்டில் எடுத்த குறிப்பு நாற்பது வயதில் இப்படி முளைத்தது.

1859இல் வந்த சுதந்திரம் பற்றிய நூலிலும் அதே மேசையின் வாசனை அடிக்கும். எதிர்க்கட்சியின் வாதத்தை அதை நம்புகிறவர் வாயாலேயே கேட்க வேண்டும். தன் பக்கத்தை மட்டும் தெரிந்தவனுக்குத் தன் பக்கமும் சரியாகத் தெரியாது என்பது அதன் உயிரான வாதம். வழக்காடும் முன் எதிராளியின் வாதத்தைத் தன் வாதத்துக்குச் சமமாகப் படித்த சிசரோவை அதற்குச் சாட்சிக்கு அழைக்கிறார். பெரும்பான்மை ஒன்று சேர்ந்து நல்லவனைக் கொல்லும் என்பதற்குச் சாக்ரடீஸ். சிறுவனாக மூலத்தில் படித்தவர்கள் இவர்கள்.

1865இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1867இல் வாக்குரிமைச் சட்டத்தில் ஆண் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஆள் என்று பொதுவாகப் போடுங்கள் என்று திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோற்றது. பெண்களுக்கு ஓட்டு என்ற கேள்வி அந்த அவையில் ஏறியது.

ஆனா இந்தியா? 35 வருஷம் கம்பெனியில் இந்தியாவுக்குப் போகும் கடிதங்களை எழுதினார். கடைசியில் அப்பா வகித்த அதே தலைமைப் பதவிக்கும் வந்தார். 1858இல் கம்பெனியின் ஆட்சி முடிந்தபோதுதான் வெளியே வந்தார். இந்தியாவுக்கு அவரும் வரவில்லை. சுதந்திரம் பற்றி எழுதிய அதே நூலில், பின்தங்கிய சமூகங்களுக்கு இது பொருந்தாது என்று விதிவிலக்கும் போட்டார். எதிர்த்தரப்பை அவர்கள் வாயாலேயே கேள் என்றவர், நம்ம தரப்பை நம்ம வாயால் கேட்கவே இல்லை. அப்பாவின் மேசையில் கற்ற இரண்டு விதியும் மகனிடம் கடைசி வரை இருந்தது. 1873 மே 7, பிரான்சின் அவிஞ்ஞோனில் இறந்தார்.

சரி, நமக்கு என்ன?

கிரேக்கம் படிக்கச் சொல்லவில்லை. அரியரோடு சேர்த்து அது வேறயா என்று நீங்க கேட்பது காதில் விழுது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு பழக்கம்: வரலாறு என்று யார் எதைச் சொன்னாலும், இது எந்த மூலத்திலிருந்து, அந்த மூலத்தை இவர் படித்தாரா என்று கேட்பது. விட வேண்டியது, அந்தக் கேள்வியை நமக்குப் பிடித்தவர்களிடம் மட்டும் கேட்காமல் இருப்பது.

ஆரம்பிக்க ஒரு இடம் சொல்றேன். ஜேம்ஸ் மில்லின் நூலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகத்தில் மோதிய போர்கள் விரிவாக வரும். அதே காலத்தில், புதுச்சேரியில், டியூப்ளேயின் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். சந்தை நிலவரம், குதிரை, லஞ்சம், குண்டு விழுந்த சத்தம் எல்லாம் அதில் உண்டு. அது 1846இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பே ஜேம்ஸ் மில் இறந்துவிட்டார். அது கண்ணில் படவில்லை என்பதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. வந்திருந்தாலும் அவரால் ஒரு வரி படித்திருக்க முடியாது.

உங்களால் முடியும். அகராதிகூட வேண்டாம்.